கொடைக்கானல்: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

திருச்சி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்த மறுவாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். நானும் கணவரும், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பார், படிக்கட்டு என்றால் சிரமம். ரயிலில் கொடை ரோடு வரை வந்து, அங்கிருந்து வாடகைக் கார். முழுதாக மூன்று நாள் கையில் இருக்கிறது.

எங்கே கேட்டாலும் பன்னிரண்டு இடம், பதினெட்டு இடம் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். அத்தனையும் ஓடி ஓடிப் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை. கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை, விட்டாலும் பரவாயில்லை என்பவை எவை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரைச் சாலை எழுதியது:

முதல் முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். முதல் நாள் ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக். இரண்டாம் நாள் வனத்துறைச் சாலையில் வரிசையாக வரும் மோயர் முனை, பைன் காடு, குணா குகை, தூண் பாறை. மூன்றாம் நாள் குறிஞ்சி ஆண்டவர் கோயில், செட்டியார் பூங்கா, இறங்கும்போது வெள்ளி அருவி. ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு மிதிவண்டியும் குதிரைச் சவாரியும் உண்டு. அத்தைக்கு எதிலும் பெரிய ஏற்றம் இருக்காது, குணா குகையில் மட்டும் பார்த்து நடக்க வேண்டும்.

இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு அது கட்டாயம். வாடகைக் கார் என்றால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கீழ்ப்பழனி மலையில் பிறந்து வளர்ந்தவன், கொடைக்கானலில் வேலை பார்க்கிறேன். மதுரைச் சாலை நண்பர் சொன்ன பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரிசையில் போனால் எட்டுக் கார் நிறுத்தங்களையும் எட்டுக் கம்பி வேலிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். இந்த ஊரைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஏரியிலிருந்து தொடங்குவோம். இந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டி உருவாக்கியது. அதற்கு முன் அது ஒரு சதுப்பு நிலம். சுற்றிலும் குன்றுகளுக்கு இடையில் விரல் விரலாக நீண்டு கிடப்பதால்தான் மேலிருந்து பார்த்தால் நட்சத்திர வடிவம் தெரிகிறது. சுற்றுச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். உங்கள் அத்தைக்கு இதைவிடப் பொருத்தமான நடை இந்த மலையில் வேறு இல்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கே போய்விட வேண்டும். ஜனவரியில் அந்த நேரத்தில் தண்ணீரின் மேல் ஆவி எழுந்துகொண்டிருக்கும், கரையோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் போனால் வண்டிகளின் ஹாரன் சத்தம்தான் மிஞ்சும்.

ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. சுமார் 180 அடி. மேலே நாம் ஏரியில் எதைப் போடுகிறோமோ அதுதான் அங்கே விழும். அதனால் அருவியைக் கண்ணால் பார்க்கலாம், குளிக்கவோ குடிக்கவோ வேண்டாம். குழந்தைகளிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி இரண்டு இடத்தையும் காட்டினால் அவர்களுக்கு ஊரே புரிந்துவிடும்.

ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலைமேல் இருந்த புல்வெளிகளிலிருந்தும் சோலைக்காடுகளிலிருந்தும். புல் மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது, மடிப்புகளில் இருக்கும் சோலை அதைச் சிறுகச் சிறுக விடுகிறது. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் இந்த மலையில் ஓடை ஓடுவது அதனால்தான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் புல்வெளிகளில் சீகை, தைலம், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுவிட்டார்கள். எல்லோரும் படம் எடுக்கும் பைன் காடு 1906-ல் பிரையண்ட் என்ற வன அதிகாரி நட ஆரம்பித்தது. அங்கே நின்று தரையைப் பாருங்கள். காய்ந்த ஊசி இலைகளைத் தவிர அதிகம் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சோலைக்குள் நுழைந்து பாருங்கள். அடிமரம் முழுக்கப் பாசி, கிளைகளில் ஆர்க்கிட், காலடியில் ஈரம் மாறாத சருகு, சூரிய ஒளி காசு காசாகத்தான் உள்ளே இறங்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், காடு எது, நட்டு வைத்த மரம் எது என்று ஏழு வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும்.

மதுரைச் சாலை எழுதியது:

பண்ணைக்காட்டான் ஐயா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் திருச்சி வாசகி முதல் முறை வருகிறார். தூண் பாறையைப் பார்க்காமல் கொடைக்கானலிலிருந்து திரும்பினேன் என்று அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல முடியுமா? ஏறக்குறைய 400 அடி உயரத்துக்கு மூன்று கற்கள் செங்குத்தாக நிற்கின்றன. மூடுபனி விலகும் ஒரு நிமிடத்துக்காக அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், விலகியதும் ஒரே ஆரவாரம். அந்தச் சந்தோஷத்தைக் குறைவாக எண்ணக்கூடாது. எல்லோரும் பார்க்கும் இடம் என்பதாலேயே அது பார்க்கத் தகுதியற்ற இடமாகிவிடாது.

பண்ணைக்காட்டான் எழுதியது:

நியாயமான பேச்சு. தூண் பாறையை விடச் சொல்லவில்லை. காலை ஒன்பதுக்குள் போகச் சொல்லுங்கள், பெரும்பாலான நாட்களில் அப்போது மூடுபனி ஏறியிருக்காது. நண்பகலுக்கு மேல் போய், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

குணா குகை பற்றியும் ஒன்று. அந்த இடத்தின் ஆழமான பிளவுகளை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள், பல உயிர்கள் போன பிறகு செய்தது அது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது தரைக்கு மேலேயே இருக்கிறது. சோலை மரங்களின் வேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். கனத்த வேர் இடுப்பளவு எழுந்து, கிளைத்து, மறுபடி மண்ணுக்குள் இறங்கும். நடுவில் விழுந்த சருகில் சின்னச் சின்னக் காளான்கள். பிள்ளைகளை வேரின்மேல் ஏறவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மிதித்துப் பல இடங்களில் பட்டை உரிந்துவிட்டது.

ஏரிச்சாலைக் கடை எழுதியது:

நான் ஏரிக்குப் பக்கத்தில் சிறிய கடை வைத்திருக்கிறேன். இங்கே எழுதுகிறவர்கள் கூட்டத்தைக் குறை சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வரும் கூட்டம்தான் எங்களுக்கு வருடம் முழுவதும் சோறு போடுகிறது. வாகனக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கவலை இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்காலத்தில் வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது.

ஆனால் சனி ஞாயிறில் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் வரவே மணிக்கணக்கில் ஆகும்போது, பிரசவத்துக்குப் போகும் எங்கள் பெண்ணும் அதே நெரிசலில்தான் நிற்கிறாள். கோடையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்கள் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். நீங்கள் ஜனவரியில் வருவது எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் வாருங்கள். வியாபாரம் வருடம் முழுக்கப் பரவினால் எங்களுக்கு மே மாதத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள். 5 லிட்டருக்குக் குறைவான பாட்டில்களுக்கு இங்கே தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். காட்டுமாடு தெருவில் நின்றால் படம் எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம். பசுமாட்டைப் போலச் சாதுவாகத்தான் நிற்கும், திரும்பினால் யாராலும் தடுக்க முடியாது. சாயங்காலத்துக்கு மேல் ஏரியைச் சுற்றிய சந்துகளில் அது நடமாடும்.

கரும்பலகை எழுதியது:

நான் அறிவியல் ஆசிரியர். பதினொரு வயதுப் பிள்ளை இருக்கிறது என்கிறீர்கள், சூரிய ஆய்வுக்கூடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லையே!

1870-களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் போக்குக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதற்காக இடம் தேடியபோது பழனி மலை கிடைத்தது. 1899-ல் ஆய்வுக்கூடம் சென்னையிலிருந்து இங்கே வந்தது. ஊரைவிடவும் உயரமான இடம், 2,343 மீட்டர். ஜான் எவர்ஷெட் 1909-ல் இங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகெங்கும் வானியல் படிப்பவர்கள் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே படிக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை இடைவிடாமல் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் இடங்கள் உலகத்திலேயே மிகச் சில, அதில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

பார்வையாளர்களுக்கான கூடத்தில், வெயில் இருந்தால் சூரியனின் பிம்பத்தை அந்த நேரத்திலேயே விழச் செய்து காட்டுவார்கள். வெள்ளை வட்டத்தில் கரும்புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் நம் பூமியே அடங்கிவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் கண் விரிவதைப் பார்க்கலாம். ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள்.

அதேபோல் செண்பகனூர் அருங்காட்சியகம். 1895-ல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய கல்லூரியில் இருக்கிறது. இந்த மலையின் பாம்புகள், பறவைகள், பூச்சிகள் எல்லாவற்றையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், ஆர்க்கிட் தோட்டமும் உண்டு. பழைய பாணிக் கண்ணாடிப் பெட்டிகள்தான். என் மாணவர்கள் அங்கிருந்து வெளியே வர மறுத்திருக்கிறார்கள்.

நல்லூர் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், இப்போது திருச்சியில் இருக்கிறேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்தக் கோயிலைக் கட்டியவர் லேடி இராமநாதன், எங்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. ஐரோப்பிய வம்சத்தில் பிறந்தவர். சைவத்தைத் தழுவி, லீலாவதி என்ற பெயரோடு வாழ்ந்து, கணவர் 1930-ல் மறைந்த பிறகு 1936-ல் இந்தக் குன்றின்மேல் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். குறிஞ்சி நிலத்துக்கு முருகன் தெய்வம் என்று படித்திருக்கிறோம். அதே பெயருள்ள பூ பூக்கிற மலையில், அதே பெயரால் முருகனை வணங்குவது எனக்கு மிகப் பெரிய நிறைவைத் தந்தது. கோயில் பெரிதல்ல, கூட்டம் குறைந்த நேரத்தில் நன்றாகவே தரிசிக்கலாம். அங்கிருந்து வடக்கே பார்த்தால் பழனி தெரியும். அத்தையை அவசியம் அழைத்துப் போங்கள்.

திருச்சி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நல்லூர் அக்கா சொன்னதை அத்தையிடம் படித்துக் காட்டினேன், கோயில் முடிவாகிவிட்டது. குறிஞ்சிப் பூ ஜனவரியில் இருக்குமா?

வட்டக்கானல், டால்பின் மூக்கு என்று என் தம்பி சொல்கிறான். பிள்ளைகளோடு போகலாமா? பேரிஜம் ஏரியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பண்ணைக்காட்டான் எழுதியது:

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு வகைக் குறிஞ்சிகள் பூக்கும். கடைகளில் யாராவது "இதுதான் அது" என்று காட்டினால் நம்ப வேண்டாம். செடியைப் பார்க்கலாம், பூவுக்கு 2030-ல் பிள்ளைகளை மறுபடி அழைத்து வாருங்கள்.

டால்பின் மூக்குக்கு வட்டக்கானலிலிருந்து இறக்கத்தில் நடக்க வேண்டும், பாதை முழுக்க வேரும் கல்லும். போகும்போது எளிது, திரும்பும்போது ஏற்றம் மூச்சு வாங்கும். அத்தைக்கு வேண்டவே வேண்டாம். பாறை விளிம்பில் தடுப்பு என்று நம்பிப் பிடிக்க ஒன்றும் கிடையாது. ஏழு வயதுப் பிள்ளையை நான் அழைத்துப் போகமாட்டேன். நீங்களும் கணவரும் மாறி மாறிப் போய் வரலாம், அதுவும் மழை இல்லாத நாளில்.

அந்தப் பாதை அங்கேயே முடிவதில்லை. தொடர்ந்து இறங்கினால் வெள்ளகவி என்ற ஊர். இன்றும் சரியான சாலை வசதி இல்லாத ஊர், அங்கே தெருக்களில் செருப்பு அணிவதில்லை. மலைப்பாதை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் பலரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். துரைமார்களையும் அவர்களுடைய மனைவி பிள்ளைகளையும் நாற்காலியில் வைத்து நம் ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். ஏரிக்கரையில் பழைய பங்களாக்களைப் பார்க்கும்போது அந்தத் தோள்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர்களின் பெயர்கள் பலகைகளில் இருக்கின்றன, சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

அந்த மாதிரி நீண்ட நடைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் யாரோடும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. அது சரியானதும்கூட.

பேரிஜம் அவசியம். ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல், காப்புக்காட்டுக்குள். வனத்துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுவார்கள். கடை கிடையாது, படகு கிடையாது. போகிற வழியில்தான் மதிகெட்டான் சோலை, உள்ளே போனவனுக்கு வழி தெரியாமல் மதி கலங்கிவிடும் என்பார்கள். பேரிஜத்தின் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். அதனால்தான் கரையில் யாரையும் கால் நனைக்க விடுவதில்லை. ஊருக்குள் இருக்கும் ஏரியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அங்கே நிற்கும்போது தோன்றும்.

மதுரைச் சாலை எழுதியது:

பேரிஜத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் மன்னவனூர் பக்கம் திருப்பிவிடுங்கள். 35 கிலோமீட்டர் இருக்கும். வழியில் பூம்பாறை. சாலை வளைவில் நின்று பார்த்தால் ஊரும் படிப்படியாக வெட்டிய தோட்டங்களும் முழுதாகத் தெரியும். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்கு நடுவில் இருக்கிறது. பழனியில் இருப்பதைப் போலவே அங்குள்ள மூர்த்தியும் போகர் சித்தர் செய்த நவபாஷாணச் சிலை என்று ஊரார் சொல்வார்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பூம்பாறையில் விளைவதும் அதில் சேரும். பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகையில் உயரே தொங்கவிட்டு, கீழே புகை போட்டு உலர்த்துவார்கள். தோல் லேசாகப் பழுப்பேறி, கையில் எடுத்தால் புகை வாசம் வரும். அத்தை சமையலறையை ஆளுகிறவர் என்றால் ஏரிக்கரைக் கடையில் சாக்லேட் வாங்குவதைவிட இங்கே ஒரு கட்டுப் பூண்டு வாங்கிக்கொடுங்கள்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அலை அலையாகப் புல்வெளி, நடுவே ஆடுகள், முயல் பண்ணை. பிள்ளைகளுக்கு மூன்று நாளில் மிகவும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். பக்கத்து ஏரியில் வனத்துறை பரிசல் விடுகிறது.

கரும்பலகை எழுதியது:

கோக்கர்ஸ் வாக் பற்றி விரிவாகச் சொல்ல மறந்துவிட்டீர்கள். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி அமைத்த பாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பெரும்பாலும் சிமெண்ட் நடைபாதை, அத்தையால் நடக்க முடியும், இரண்டு முனையிலும் வாசல் உண்டு, ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் வண்டியை வரச் சொல்லுங்கள். பிற்பகல் வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறினால், உங்கள் நிழல் அந்தப் பனியின்மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அரிதான காட்சி. கிடைத்தால் பிள்ளைகளைக் கையசைக்கச் சொல்லுங்கள், நிழலும் அசையும். பனி இல்லாத இரவில் சமவெளி ஊர்களின் விளக்குகள் தெரியும்.

திருச்சி வாசகி எழுதியது:

இப்படி வைத்துக்கொள்கிறோம். திங்கள் ஏறும்போது டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவி, பிறகு வெள்ளி அருவி, மாலையில் கோக்கர்ஸ் வாக். செவ்வாய் விடிகாலையில் ஏரியைச் சுற்றி நடை, பிறகு பேரிஜம், மாலையில் குறிஞ்சி ஆண்டவர். புதன் காலையில் தூண் பாறை, குணா குகையின் வேர்கள், பைன் காடு, பிற்பகல் சூரிய ஆய்வுக்கூடம். வியாழன் காலையில் செண்பகனூர் பார்த்துவிட்டு இறங்குகிறோம். பிரையண்ட் பூங்காவையும் வட்டக்கானலையும் விட்டுவிட்டோம். சரியாக இருக்கிறதா?

ஏரிச்சாலைக் கடை எழுதியது:

நல்ல திட்டம் அம்மா. பிரையண்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடை முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், மலர்க் கண்காட்சி மே மாதத்தில்தான். காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் சூடாக டீ கிடைக்கும், அத்தைக்குக் குரங்குக் குல்லாயும் கையுறையும் இல்லாமல் வெளியே அழைத்து வராதீர்கள்.

பண்ணைக்காட்டான் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமை பேரிஜத்துக்கு விடமாட்டார்கள், அன்று விடுமுறை. செவ்வாயையும் புதனையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். புதன் காலையில் ஓட்டுநரை வனத்துறை அலுவலகத்துக்கு முதல் ஆளாக அனுப்பிச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். அவர் வரிசையில் நிற்கும் நேரத்தில் நீங்கள் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம்.